வெள்ளாடு இல்லாத நிலம்

"அக்கா, அங்கன ஒண்ணுமே இல்ல. இருட்டுக்குள்ள போயி யாருக்குச் செவரு கட்டுதீய?"

பின்னிருக்கையிலிருந்து பேச்சித்தாய் கிசுகிசுத்தாள். ஜசிந்தா கொரேரா திரும்பவில்லை. வயலில் நின்ற கடைசி ஆட்களையும் பிடுங்கி, தலையில் கல்லை ஏற்றி, களத்தின் தென்கிழக்கு மூலைக்கு விரட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மேசைத் திரையில் அந்த மூலை முழுக்கக் கறுப்பு. 'அரண்' விளையாட்டில் உங்கள் ஆட்கள் மிதித்த நிலம் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். மிச்சமெல்லாம் இருள்திரை. அதற்குள் மலை இருக்கலாம், ஏரி இருக்கலாம், எதிரி இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் ஜசிந்தா மதில் எழுப்பிக்கொண்டிருந்தாள்.

"வயல்ல ஆளு இல்ல. இன்னுங் கொஞ்ச நேரத்துல ஒங்க படை பட்டினி கெடக்கும்."

"கெடக்கட்டும்."

"கோட்டை வாசலு வேற தொறந்து கெடக்கு."

"தெரியும். சும்மா இருட்டி."

பேச்சி சும்மா இருக்க வேண்டிய அவசியம் சட்டப்படி இல்லை. களமன்றத்தில் விளையாடுகிறவருக்குப் பின்னால் ஒருவர் உட்காரலாம். காதோடு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். மேசையைத் தொடத்தான் கூடாது. அந்த நாற்காலிக்குப் பெயரே பின்னிருக்கை. ஜசிந்தாவின் பின்னிருக்கையில் இரண்டு வருடமாகப் பேச்சிதான்.

எதிர் மேசையில் கொற்றம் நிறுவனத்துக்காக ஆடும் களவாதி இளங்கதிர். தோற்றதே இல்லை என்று பெயர் வாங்கியவன். அவனுடைய வேவுக்காரன் ஒருவன் சற்று முன்புதான் தென்கிழக்கு மலையில் ஒரு பிளவைக் கண்டுபிடித்திருந்தான். குறுகலான கணவாய். அதன் வழியாகப் போனால் ஜசிந்தாவின் கோட்டைக்குப் பின்புறம். இளங்கதிரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. இருந்த பொருளையெல்லாம் கொட்டிக் குதிரைகள் வாங்கினான். இருநூறு குதிரை. கணவாய்க்குள் நான்கு பாய்ச்சலில் நுழைந்தன.

மறுமுனையில் கல் மதில் நின்றது. மதில்மேல் வில்லாளிகள் நின்றார்கள்.

கணவாயில் திரும்ப இடம் இல்லை. முன்குதிரை நின்றது, பின்குதிரை முட்டியது. அதன் பிறகு நடந்ததைப் போர் என்று சொல்ல முடியாது. இளங்கதிர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். வேறு செய்வதற்கு அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மன்றத்தின் பெருந்திரையில் இரு பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் வழக்கம்போலக் கைதட்டவில்லை. அவர்கள் பார்த்தது அப்படி. குதிரை வாங்குவதற்கு முன்பே மதில் பாதி முடிந்திருந்தது. கணவாயை வேவுக்காரன் காண்பதற்கு முன்பே முதல் கல் விழுந்திருந்தது.

"எம்மா," என்றாள் பேச்சி மெல்ல. "ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சிது?"

ஜசிந்தா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்த கொற்றத்தின் முதலாளி பரஞ்சோதியை நேருக்கு நேர் பார்த்தாள். ஒன்பது வருடமாக இந்த ஒரு பார்வைக்காகக் காத்திருந்தவள். ஆகவே அவசரப்படாமல் பார்த்தாள்.

தூத்துக்குடிக் களமன்றம், முன்பு உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்த பழைய கிட்டங்கியில் நடந்தது. சுவரைச் சுரண்டினால் இன்னமும் உப்புத்தான் உதிரும். ஒரு காலத்தில் வரப்புத் தகராறு ஒன்று கோர்ட்டுக்குப் போனால், போட்டவர் செத்து, அவர் பிள்ளை வக்கீலுக்கு அலைந்து, பேரன் காலத்தில் வாய்தா முடியும். இப்போது ஒரு மதியத்தில் முடிந்தது. வீட்டுத் தகராறு, உயில், விவாகரத்து, இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு குளம், எதுவானாலும் இரு தரப்பும் உட்கார்ந்து அரண் விளையாட வேண்டும். விளையாடத் தெரியாதவர்கள் களவாதியை அமர்த்திக்கொள்ளலாம். வென்றவருக்குத் தீர்ப்பு. பள்ளிப் பிள்ளைகள் கணக்கு டியூஷனை விட்டுவிட்டு அரண் டியூஷனுக்கு ஓடின. கல்யாண விளம்பரங்களில் 'நன்கு அரண் ஆடும் மணமகன்' என்று போட்டார்கள். பேருந்தில் கால் மிதிபட்டால்கூட, "வா, களத்துல பாத்துக்கலாம்" என்றார்கள்.

சனங்கள் இதை நம்பியதற்கு ஒரே காரணம் நிலவார்ப்பி. ஒவ்வொரு வழக்குக்கும் புத்தம் புதிதாக ஒரு நிலத்தை வார்த்துக் கொடுக்கும் இயந்திரம் அது. மலை எங்கே, ஆறு எங்கே, இரும்பு எங்கே புதைந்திருக்கிறது என்பது ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியாது. நீதியாளருக்குத் தெரியாது. மந்திரிக்குத் தெரியாது. பணக்காரன் நல்ல வக்கீலை வாங்கலாம். நல்ல நிலத்தை வாங்க முடியாது. தோற்றவன்கூட "நிலம் எனக்கு வாய்க்கல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான்.

பேச்சியும் அப்படித்தான் போனாள். மீன் பதனிடும் ஆலையில் நின்று நின்று கால் வீங்கி, முத்தையாபுரத்தில் அவள் கட்டிய மூன்று அறை வீட்டைப் புருஷனின் தம்பி கேட்டான். களத்துக்குப் போனது. பேச்சியே விளையாடினாள். அவள் ஆட்கள் கடைசிவரை இரும்பைக் கண்டுபிடிக்கவே இல்லை. எதிரி வாளோடு வந்தான். அவள் ஆட்கள் கம்போடு நின்றார்கள். அன்று அவளுக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்த களவாதி ஜசிந்தா. தோற்றுப் போனவளைத் தோளில் கை போட்டு வெளியே கூட்டிவந்து, "எங்கூட வேலைக்கு வந்துரு" என்றவளும் ஜசிந்தா. இப்போது பேச்சியின் வாடகை அறை ஐஸ் கம்பெனிக்குப் பின்னால். வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "மண்ணு எனக்கு மூஞ்சியக் காட்டல அக்கா, அவ்வளவுதான்." ஜசிந்தா உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

"ஆட்சேபம் இருக்கிறது," என்று எழுந்தார் பரஞ்சோதி.

நீதியாளர் ஷம்சுநிஷா மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "சொல்லுங்கள்."

"இந்தம்மாவுக்குக் களம் முன்பே தெரிந்திருக்கிறது. கணவாய் இருக்கும் இடம் தெரியாமல் அங்கே யாரும் மதில் கட்ட மாட்டார்கள். மோசடி."

கூட்டம் சலசலத்தது. பின்வரிசையில் யாரோ, "தோத்துட்டு அழுதான் பாரு" என்றான். ஆனால் அந்தச் சிரிப்பு நீளவில்லை. எல்லாருடைய மண்டையிலும் அதே கேள்விதான்.

"ஜசிந்தா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"அவர் சொல்றது உண்மைதான், நீதியாளர். எனக்குத் தெரியும்."

பேச்சி பின்னாலிருந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். ஜசிந்தா அதை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"முதல்ல ஒண்ணு கேக்கணும். காலையில பரஞ்சோதி ஐயா ஒரு உறுதிமொழி எடுத்தாரே, அதத் திரும்பப் படிக்கச் சொல்லுங்க."

அந்த உறுதிமொழி எதைப் பற்றியதோ, அதுதான் இந்த வழக்குக்கே காரணம். கொற்றம் விற்கும் நிலவார்ப்பியை ஆறு வெளிநாடுகள் வாங்கத் தயாராக இருந்தன. வாங்குமுன், இதைச் செய்தவர் யார் என்று மன்றத்தின் முத்திரையோடு ஒரு சான்று கேட்டன. பரஞ்சோதி அதற்கு விண்ணப்பித்தார். ஜசிந்தா குறுக்கே விழுந்தாள்: செய்தது நீ அல்ல, செத்துப்போன என் அண்ணன் அலோசியஸ்.

மன்ற எழுத்தர் படித்தார். "நிலவார்ப்பியின் ஒவ்வொரு வரியும் நானே எழுதியது. அதன் உள்ளும் புறமும் நான் அறிவேன். நான் அறியாமல் அதற்குள் எதுவும் நடப்பதில்லை. இது பொய்யானால் எந்தத் தண்டனைக்கும் கட்டுப்படுகிறேன். ஒப்பம், பரஞ்சோதி."

"நல்லது," என்றாள் ஜசிந்தா. "பேச்சி, அந்தப் பையை எடு."

பேச்சி மேசைக்கடியிலிருந்து ஒரு கித்தான் பையை இழுத்தாள். உள்ளேயிருந்து வந்தது ஒரு பழைய கணினி. மூடி உடைந்து, ரப்பர் பட்டையால் கட்டப்பட்டிருந்தது.

"எங்கண்ணன் மெஷின். இதுல இருக்கிறதுதான் முதல் நிலவார்ப்பி. அரண் விளையாட்டுப் பைத்தியங்க கொஞ்சப் பேரு சேர்ந்து ஒரு குழு வச்சிருந்தாங்க. கம்பெனிக்காரன் கொடுத்த களங்க எல்லாருக்கும் மனப்பாடமாயிருச்சு, சலிச்சுப் போச்சு. அதுக்காக அண்ணன் இத எழுதினான். ஓசியில குடுத்தான். அந்தக் குழுவுல இவரும் இருந்தாரு." பரஞ்சோதியின் பக்கம் திரும்பினாள். "எங்கண்ணனை அங்க எப்படிக் கூப்பிடுவீங்க, ஐயா?"

பரஞ்சோதி சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நானே சொல்றேன். ஆட்டுக்காரரே."

கூட்டத்தில் நரைத்த தலைகள் சில சட்டென்று நிமிர்ந்தன. ஒருவர் வாய்விட்டுச் சிரித்தே விட்டார். "ஏ, அந்த வெள்ளாடு!"

"நீதியாளர், அடுத்த வழக்கு எண் என்னங்க?"

வாசலுக்கு மேலே சிவப்பு எழுத்தில் அது ஒளிர்ந்துகொண்டிருந்தது. நீதியாளர் பார்த்துச் சொன்னார். ஜசிந்தா அந்த எண்ணைக் கணினியில் தட்டினாள். திரையை நீதியாளர் பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு நிலம் வந்தது. இரட்டை மலை, நடுவில் பிறை போல ஓர் ஏரி, வடக்கே காடு, காட்டுக்குள் உடைந்த கோயில்.

"இப்ப மன்றத்து இயந்திரத்தை ஓட விடுங்க."

ஷம்சுநிஷா ஒரு கணம் தயங்கினார். பிறகு எழுத்தருக்குத் தலையசைத்தார். பெருந்திரையில் இருள் விலகியது. இரட்டை மலை எழுந்தது. நடுவில் பிறை போல ஓர் ஏரி பளபளத்தது. காடு முளைத்தது. காட்டுக்குள் கோயில், அதே பக்கம் உடைந்து.

முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"அதுக்கடுத்த எண்ணு?" என்றாள் ஜசிந்தா. அதையும் செய்தார்கள். அதுவும் ஒத்தது. நீதியாளர் தாமாகவே என்றோ வரப்போகும் ஓர் எண்ணைச் சொன்னார். அதுவும் அச்சாக ஒத்தது.

"வழக்கு எண்தான் விதை," என்றாள் ஜசிந்தா. "எந்த நிலவார்ப்பியும் சும்மா நிலத்தை வார்க்காது. முதல்ல ஒரு எண்ணு வேணும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மலை, ஆறு, இரும்பு எல்லாம் வரும். ஒரே விதைக்கு ஒரே நிலம். அந்த விதை யாருக்கும் தெரியாத வரைக்கும்தான் அது நியாயம். இங்க விதைய வாசல்ல சிவப்பு லைட்டு போட்டு மாட்டியிருக்கீங்க. அழைப்பாணையில அச்சடிச்சு ஒரு வாரம் முன்னாடியே வீட்டுக்கு அனுப்புறீங்க."

"பொய்," என்றார் பரஞ்சோதி. குரல் முன்பு போல் இல்லை.

"பொய்யில்ல. நீங்க பண்ணின தப்பு." கணினியில் அதுவரை அணைத்து வைத்திருந்த ஒன்றை ஒரு பொத்தானைத் தட்டி எழுப்பினாள். அதே நிலத்தின் மூலையில் ஒரு சின்ன வெள்ளாடு வந்து நின்றது. ஒரு செடியைக் கடித்தது. "இது சுந்தரி. எங்க தெரு ஆடு. நிசமான ஆடு. சுவரொட்டி தின்னும், மீன் மார்க்கெட்டுல போய் மிதி வாங்கும், மாதா கோயில் வாசல்ல படுத்துக்கும். எங்க போகும், எப்பப் போகும்னு அதுக்கே தெரியாது. அண்ணன் அது கழுத்துல ஒரு இடங்காட்டியக் கட்டி விட்டான். ஆடு நடக்க நடக்க, அது நின்ன இடமெல்லாம் விதையாச்சு. எதேச்சைக்கு இதவிட நல்ல ஊத்து ஒலகத்துல கிடையாதும்பான். சுந்தரி செத்த பிறகு அது குட்டி, அப்புறம் அதுக்குக் குட்டி. இப்பவும் ஒண்ணு எங்க தெருவுல அத மாட்டிக்கிட்டுத்தான் திரியுது."

ஆடு நிற்க, அதே எண்ணை மறுபடி தட்டினாள். வேறு நிலம். மூன்றாம் முறை, அதே எண், இன்னொரு நிலம்.

"ஒவ்வொரு நிலத்துலயும் ஒரு மூலையில அந்த ஆடு மேயும். அதுதான் அண்ணனோட கையெழுத்து. இவர் இதைத் திருடி விக்கப் போனப்ப மொத வேலையா அந்த ஆட்டை எடுத்தாரு. ஆடு இருந்தா அலோசியஸ் செஞ்சதுன்னு குழுவுல இருந்த அத்தனை பேரும் சொல்லிருவாங்களே. எடுத்தது படம் மட்டுமில்ல, விதையும் சேர்ந்து போயிருச்சு. அண்ணன் உள்ள ஒரு வரி எழுதி வச்சிருந்தான்: ஆட்டைக் காணோம்னா, இது எத்தனாவது களமோ அந்த எண்ணையே விதையா எடுத்துக்கோ. சோதனைக்காகப் போட்ட வரி. ஆடு போனதும் அந்த வரி வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு. அன்னையிலருந்து இன்னை வரைக்கும் அதான் ஓடுது. அதுக்கப்புறம் இவர் ஆபீசுல ஒருத்தரையும் உள்ள தொறந்து பாக்க விடல. ஓடுறதைத் தொடாதேன்னு சுவத்துல எழுதியே போட்டிருக்காங்களாம்."

இளங்கதிர் தன் முதலாளியை முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தான். அந்த வாசகத்துக்குக் கீழேதான் அவன் மேசை.

"இப்ப ஒரு கேள்வி, ஐயா. ஒண்ணே ஒண்ணு." ஜசிந்தாவின் குரல் தணிந்தது. தணிந்ததால் கடைசி வரிசை வரை கேட்டது. "இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பரஞ்சோதி எழுத்தரின் கையிலிருந்த உறுதிமொழித் தாளைப் பார்த்தார்.

அவருக்கு முன்னால் இரண்டே கதவுகள்தான் இருந்தன. இரண்டையும் காலையில் அவரே கையெழுத்துப் போட்டுப் பூட்டியிருந்தார். தெரியும் என்றால், தெரிந்த களத்தை லட்சக்கணக்கான சனங்களுக்கு நியாயம் என்று விற்றவர். தெரியாது என்றால், உள்ளும் புறமும் அறிவேன் என்றது பொய்; எழுதியவர் அவர் அல்ல.

"ஜசிந்தாம்மா," என்றார். குரலில் திடீரென்று ஒரு சொந்தம். "இதை வெளிய பேசிக்கலாமே. அண்ணன் பேரைப் போட்டுடலாம். பெரிய எழுத்துல போட்டுடலாம். இது வெளிய போச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? ஒரு தீர்ப்பும் நிக்காது."

"எங்கண்ணன் உங்க ஆபீஸ் வாசல்ல வெயில்ல நின்னான். காசு கேக்கல, பேரு மட்டும் கேட்டான். நீங்க கார் கண்ணாடிய இறக்கி ஒரு வார்த்தை சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

அவருக்கு நினைவிருந்தது. முகம் சொன்னது.

"களத்துல பாத்துக்கலாம்னீங்க. பாத்தான். தோத்தான். இனிமே கணினியில ஒரு வரி எழுதக் கூடாதுன்னு தீர்ப்பு வாங்கினீங்க. வேற வேலை தெரியாதவன் விசைப்படகுக்குப் போனான். கயிறு பிடிக்கத் தெரியாம முதல் மழையிலயே கடலுக்குள்ள போயிட்டான். இப்ப நானும் அதையே சொல்றேன். இதான் களம். பாத்துக்கலாம்."

நீதியாளர் ஷம்சுநிஷா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையெழுத்திட்ட தீர்ப்புகள் அவர் கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும். "பதில் சொல்லுங்கள், பரஞ்சோதி."

"எனக்கு..." அவர் உப்பு உதிரும் சுவரைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது."

சின்னத் தண்டனையாகப் பார்த்துத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். ஆனால் அந்த ஒரு சொல்லில் நிலவார்ப்பி, கொற்றம், ஆறு நாடுகள், அவர் பெயர் எல்லாம் அவர் கையை விட்டுப் போயின. பொய்யுறுதிக்காகக் காவலில் எடுக்கச் சொன்னார் நீதியாளர். நிலவார்ப்பியை ஆக்கியவர் அலோசியஸ் கொரேரா என்று பதிவானது. இன்று முதல் எந்தக் களமும் கூடாது. இதுவரை நடந்த களங்கள் அனைத்தும் மறுவிசாரணைக்கு உரியவை. கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு முறை படித்தார்.

காவலர் இருவர் பரஞ்சோதியை நடுவழியில் நடத்திக்கொண்டு போனார்கள். ஜசிந்தாவின் மேசையருகே வந்ததும் அவர் நின்றார்.

"எனக்குத் தெரியாது. சரி, நான் முட்டாள். உனக்கு எப்ப இருந்து தெரியும்?"

ஜசிந்தா குனிந்து கணினிக்கு ரப்பர் பட்டையை மாட்டினாள். பேச்சிதான் சீறினாள். "அது ஒனக்கு எதுக்குவே? நடவும்."

அவர் நடந்தார்.

வெளியே தெரு அதற்குள் மாறிவிட்டிருந்தது. செய்தி அவர்களுக்கு முன்னால் வாசலைத் தாண்டியிருந்தது. தேநீர்க் கடையில் ஒருவன் செல்பேசியில் கத்திக்கொண்டிருந்தான்: "அந்த வீடு எனக்குத்தாம்ல. சாவியக் கொண்டா." சாலைக்கு நடுவே, மூன்று வருடத்துக்கு முன் களத்தில் பிரிந்த ஒரு தம்பதி, ஆளுக்கொரு புதுக் குடும்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். எங்கோ கண்ணாடி உடைந்தது. களமன்றம் வந்த பிறகு அடிதடியே மறந்து போயிருந்த ஊரில் முதல் கம்பு எடுக்கப்பட்டுவிட்டது.

பேச்சிக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. கிட்டங்கியின் பக்கவாட்டு நடையில், கணினிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குதிக்காத குறையாக நின்றாள்.

"எக்கா, அப்படின்னா எந் தீர்ப்பும் செல்லாதுல்லா? எம் வீடு எனக்கு வந்துரும்லா?"

"வரும்."

"அந்தக் கொள்ளையில போறவன் மொகத்தப் பாக்கணும். எங்க செவத்துல பச்சப் பெயிண்டு அடிச்சு வச்சிருக்கான், தெரியுமா? மொத வேலையா அதச் சொரண்டணும்." பையைக் கீழே வைத்து ரப்பர் பட்டையைக் கழற்றினாள். "எங் களத்தக் காட்டுங்களேன். அந்த இரும்பு எந்தச் சனியன் மூலையில கெடந்துதுன்னு ஒருவாட்டி பாத்துருதேன். அது தெரியாம எத்தன நாளு ஒறக்கம் வராமக் கெடந்தேன். இருங்க, நம்பரு வீட்டுல இருக்கு. எவ்வளவு பெரிய நம்பரு, எனக்கே மறந்து..."

நிறுத்தினாள்.

ஜசிந்தாவின் விரல்கள் ஏற்கெனவே எண்ணைத் தட்டி முடித்திருந்தன.

திரையில் ஒரு நிலம் எழுந்தது. பேச்சிக்கு அது உடனே தெரிந்தது. அவள் தோற்ற ஆற்றங்கரை. கம்போடு அவள் ஆட்கள் நின்ற மேடு. அவள் குனிந்து பார்த்தாள். மேற்கே ஒரு சின்ன மலை. அதற்கு அப்பால் அவள் ஆளையே அனுப்பவில்லை. மலைக்குப் பின்புறம், ஒரு வேவுக்காரன் போய்வரும் தூரத்தில், செம்மண் நிறத்தில் இரும்பு குவிந்து கிடந்தது.

"பக்கத்துலதான் இருந்திருக்கு," என்றாள்.

"ஆமா."

பேச்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந் நம்பரு ஒங்களுக்கு மனப்பாடமா?"

தெருவில் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது.

"பரஞ்சோதி கேட்டானே. எப்ப இருந்து தெரியும்னு."

"அண்ணன் செத்த பதினாறாம் நாளு," என்றாள் ஜசிந்தா. "மெஷினைத் திறந்தேன். ஆட்டைப் பாக்கப் பொறுக்கல. அதை எடுத்துட்டேன். மொத வழக்கோட களம் வந்து நின்னுச்சு, பேப்பர்ல எல்லாம் படம் போட்டிருந்தாங்களே, அதே களம். அப்பவே புரிஞ்சிருச்சு."

"ஒம்போது வருசம்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு சின்னத் திருத்தம் போட்டு மூடியிருப்பான். ஒரு அபராதம் கட்டியிருப்பான். அவன் ஏறணும், பேச்சி. விழுந்தா எலும்பு மிஞ்சாத உசரத்துக்கு ஏறணும். அதுவரைக்கும் ஒருத்தரும் சந்தேகப்படக் கூடாது. நான் ஆடின வழக்குலயே எத்தனையோ தோத்தேன். தெரிஞ்சே தோத்தேன்."

பேச்சி மெல்ல நிமிர்ந்தாள். சற்று முன் இளங்கதிருக்குக் குதிரைகள் முட்டி நின்றபோது வந்த அதே முகம்.

"பின்னிருக்கைக்காரவிய பேசலாம்லா. காதோட என்ன வேணும்னாலும் சொல்லலாம்லா." குரலில் கோபம்கூட இல்லை. "அன்னைக்கு ஒங்கள்ட்ட திரும்பித் திரும்பிக் கேட்டேன். இரும்பு எங்கக்கா இருக்கும், எங்கக்கா இருக்கும்னு."

"கேட்டே."

"நீங்க என்ன சொன்னீய?"

ஜசிந்தா கணினியை மூடினாள். மூடிய கை மூடியின்மேலேயே இருந்தது.

"கிழக்க தேடுன்னு சொன்னேன்."